பயம் விலகினால் பதில் வரும்

ஆசிரியப் பணிக்கு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. அரசு நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். நெடுநாள் வரை, அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்று நம்பியிருந்தேன். நான் வராண்டாவில் வரும்போதே வகுப்பில் சத்தம் அடங்கிவிடும். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. அப்படி அடங்கிய குழந்தைகள் எவற்றையெல்லாம் என்னிடம் சொல்லாமல் விட்டார்கள் என்பதை ஓர் ஆறாம் வகுப்பு மாணவன்தான் எனக்குப் புரியவைத்தான்.

நான் செய்த தவறு

பின்னங்களின் கூட்டல் முடிந்ததும் 25 மதிப்பெண்ணுக்கு ஒரு வகுப்புத் தேர்வு வைத்தேன். வழக்கம்போல மதிப்பெண்ணை வாசித்தபடியே விடைத்தாள்களைக் கொடுத்தேன். அவன் பெற்றது 6. “ஆறாம் வகுப்புக்கு ஆறு மதிப்பெண்ணா? பொருத்தமாத்தான் வாங்கியிருக்கே” என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த மூன்று நாள்களும் வரவில்லை. விசாரித்தபோது ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “எல்லாரும் அவனை ‘ஆறு’ன்னுதான் கூப்பிடுறாங்க டீச்சர்.”

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். “பள்ளிக்கூடம்னாலே வயித்த வலிக்குதுங்கறான் டீச்சர், சாயங்காலம் ஆனா நல்லாயிடுது” என்றார் அவன் அம்மா. அவன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பயிற்சிகளில் பலமுறை கேட்டதுதான். நான் பிரம்பைத் தொட்டதே இல்லை. அதனால் அந்தப் பிரிவு எனக்கானது அல்ல என்று இருந்துவிட்டேன். ஒரு கேலிச் சொல் நான்கு நாள் வருகையைப் பறிக்கும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

எல்லோர் முன்னிலையிலும் சிரித்ததால், எல்லோர் முன்னிலையிலும்தான் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அவன் திரும்பி வந்த அன்று, “நான் அப்படிச் சொன்னது தப்பு. இனி யாரையும் மதிப்பெண்ணை வைத்துக் கூப்பிட வேண்டாம்” என்று வகுப்பில் சொன்னேன். மரியாதை குறைந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை.

அவன் சொன்ன கணக்கு

சில நாள்கள் கழித்து, மதிய உணவுக்குப் பின் வேப்பமரத்தடியில் அவனோடு உட்கார்ந்து விடைத்தாளைப் பிரித்தேன். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தான். மேலே மேல், கீழே கீழ் கூட்டும் இந்தத் தவறை நாம் எல்லோரும் ஆண்டுதோறும் பார்க்கிறோம். “இதை எப்படிப்பா யோசிச்சே?” என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்:

“மொதல்ல ரெண்டு பால் போட்டாங்க, ஒண்ணை அடிச்சேன். அப்புறம் மூணு பால் போட்டாங்க, அதுலயும் ஒண்ணை அடிச்சேன். மொத்தம் அஞ்சு பால்ல ரெண்டு அடிச்சிருக்கேன்ல டீச்சர்?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிரிக்கெட்டுக்கு அவன் கணக்கு சரி. அங்கே முதல் முழுமை இரண்டு பந்துகள். அடுத்த முழுமை மூன்று பந்துகள். பின்னக் கூட்டலில் இரண்டு பின்னங்களும் ஒரே அளவுள்ள முழுமையின் பகுதிகளாக இருக்க வேண்டும். நான் கற்பிக்கத் தவறிய இடம் அதுதான்.

ஒரே அளவுள்ள இரண்டு தாள் பட்டைகளை எடுத்தோம். “அரைப் பட்டையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரையைவிடக் குறையுமா?” என்றேன். 2/5 அரையைவிடச் சிறியது என்பதை அவனே கண்டுகொண்டான். இரண்டு பட்டைகளையும் ஆறு ஆறு சம பாகங்களாக மடித்தோம். அரைக்கு மூன்று பாகம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு பாகம். “ஆறுல அஞ்சு டீச்சர்!” என்று கத்தினான். அந்த மதியம் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி, எந்தத் தேர்ச்சி விழுக்காட்டிலும் கிடைத்ததில்லை.

அதே விடைக்கு எத்தனை ஆண்டுகள் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருப்பேன்! முன்பே கேட்டிருந்தாலும் அவன் வாய் திறந்திருக்க மாட்டான். பயப்படும் குழந்தை விடையை மட்டும்தான் தருகிறது. தான் யோசித்த விதத்தைத் தருவதில்லை. அது தெரியாமல் நாம் எதைத் திருத்துவது?

நான் மாற்றிக்கொண்டவை

‘டோட்டோ-சான்’ நூலில், பள்ளியில் சேர வந்த சிறுமி பேசுவதைத் தலைமையாசிரியர் கோபயாஷி நான்கு மணி நேரம் கேட்கிறார். நமக்குக் கிடைப்பது ஒரு பாடவேளை. அதற்குள் எமிஸ் பதிவுகளும் பாடத்திட்டமும் காத்திருக்கின்றன. எனவே இயன்றதை மட்டும் செய்கிறேன்.

1. விடைத்தாளை மடித்துக் கையில் கொடுக்கிறேன். மதிப்பெண்ணை வாசிப்பதில்லை.

2. விடுப்புக்குப் பின் வருபவரிடம், “ஏன் வரலை?” என்று வாசலிலேயே கேட்பதில்லை. “நேத்து உன்னைத் தேடினோம்” என்று சொல்லி உட்காரவைக்கிறேன். காரணத்தைப் பிறகு தனியே கேட்கிறேன்.

3. தினமும் ஐந்து நோட்டுகளில், தவறான ஒரு கணக்கின் அருகே, “இதை எப்படி யோசித்தாய்?” என்று எழுதுகிறேன். 38 மாணவர்கள் இருப்பதால் எட்டு வேலை நாள்களில் ஒரு சுற்று முடிகிறது. அவர்களும் நோட்டிலேயே பதில் எழுதுகிறார்கள்.

4. கண்டிக்க வேண்டியதைத் தனியே கண்டிக்கிறேன். வீட்டுப்பாடத்தில் சலுகை கிடையாது. அன்பு என்பது தளர்வு அல்ல என்பதைக் குழந்தைகள் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

வகுப்பில் இப்போது சத்தம் கூடியிருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். என் கேள்விக்கு ஆண்டு முழுவதும் ஒரு வரிகூடப் பதில் எழுதாத மாணவியும் அதே வகுப்பில் இருந்தாள்.

அந்த மாணவன் அடுத்த தேர்வில் 13 வாங்கினான். தவறாகப் போட்ட ஒரு கணக்கின் கீழே அவனாகவே எழுதியிருந்தான்: “டீச்சர், இது தப்புன்னு தெரியுது. எங்க தப்புன்னுதான் தெரியல.”

மறுநாள் மதியம் மறுபடியும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். நாளை உங்கள் மேசைக்கு வரும் நோட்டுகளில் ஐந்தை எடுத்து, நீங்களும் அந்த ஒரு கேள்வியை எழுதிப் பாருங்களேன்.