பனிக்களத்து அணியும் கணிதக் கணிப்பும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

ஹாக்கி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன புல்தரையும் தியான் சந்தும்தான். கனடாவில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே உறைபனித் தளத்தில், சறுக்குக் காலணி பூட்டி, பந்துக்குப் பதிலாக ரப்பர் வட்டை அடித்து ஆடுகிறார்கள். தேசிய ஹாக்கி லீக் என்னும் தொழில்முறைப் போட்டியின் ரசிகர்களுக்குக் கோடைதோறும் ஒரு பொழுதுபோக்கு உண்டு: அடுத்த பருவத்தில் யார் யாரோடு ஆடுவார் என்று முன்கூட்டியே எழுதிப் பார்ப்பது. இது வெறும் ஊகமா, கணக்கா என்பதே என் கேள்வி.

ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணியில் இருபது பேர். கோல் காவலர் இருவர். முன்னணியினர் பன்னிருவர், மும்மூவராக நான்கு வரிசை. தடுப்பாளர் அறுவர், மூன்று இணை. பெரும்பாலும் இதுதான் அமைப்பு. நண்பர்களே, வகுப்பில் படித்த சேர்வுக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தேன். பன்னிருவரை நான்கு வரிசையாகப் பிரிக்க 15,400 வழிகள். அறுவரை இணைகளாக்க 15 வழிகள். பெருக்கினால் 2,31,000!

ஆனால் முன்னணியில் நடு, இடம், வலம் என நந்நான்கு பேர் என்று கொண்டால் 15,400 என்பது 576 ஆகச் சுருங்குகிறது. தடுப்பாளரில் இடக்கையர் மூவர், வலக்கையர் மூவர் என்று வைத்து, ஒவ்வோர் இணையிலும் இருவகையும் வேண்டுமென்றால் ஆறே வழிகள். ஆக மொத்தம் 3,456. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இந்த ஒரு விதியை மட்டும் தாத்தாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இடத்து மாட்டை வலத்தில் பூட்டினால் ஏர் எப்படிப் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

மீதியைத் தீர்மானிப்பது பணம். ஊதியத் தகராறில் 2004–05 பருவம் முழுவதும் நின்றுபோன பின், 2005 முதல் ஒவ்வோர் அணிக்கும் ஊதிய உச்சவரம்பு உண்டு. 2024–25இல் அது 8 கோடியே 80 லட்சம் டாலர். எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியைப் பாருங்கள். 2024 ஜூனில் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் ஃபுளோரிடாவிடம் தோற்ற அணி. அதில் கானர் மெக்டேவிட்டுக்கு 125 லட்சம், டார்னல் நர்ஸுக்கு 92.5 லட்சம், லியோன் டிரைசைட்டலுக்கு 85 லட்சம். மூவருக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது! எனவே குறைந்த ஊதியத்து இளைஞர்கள் அவ்வணிக்குத் தேவை. பிலிப் புரோபெர்க், டிலன் ஹாலோவே இருவரும் அப்படிப்பட்டவர்கள்.

அவர்களுடைய ஒப்பந்தம் முடிந்திருந்தது. ஆகஸ்டு 13 அன்று செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி, புரோபெர்குக்கு ஆண்டுக்குச் சுமார் 45.8 லட்சமும் ஹாலோவேக்கு 22.9 லட்சமும் தருவதாக அழைத்தது. விதிப்படி, பழைய அணி ஏழு நாளுக்குள் அதே தொகையைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் ஈடாகப் புதுமுகத் தேர்வு உரிமையைப் பெற்றுக்கொண்டு விட்டுவிட வேண்டும். எட்மன்டன் இருவரையும் விட்டுவிட்டது.

ஆட்டத்திறனை மட்டும் எடைபோட்டு ஜூலையில் பட்டியல் எழுதியவர்க்கு இது இடி விழுந்தாற்போல. என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தம், அடுத்தது கை, கடைசியில்தான் திறமை. உச்சவரம்பை ஒட்டி நிற்கும் அணியில் ஒப்பந்தம் முடிந்தவர் பெயரைப் பேனாவால் எழுதக் கூடாது, பென்சிலால்தான் எழுத வேண்டும்.

இத்தனைக்கும், யார் எங்கே ஆடுவார் என்பதைத்தான் இம்முறை சொல்லும். எப்படி ஆடுவார் என்பதை அன்று. அடுத்த பருவத்தில் ஹாலோவே செயின்ட் லூயிஸுக்காக 26 கோல் அடித்தார். எட்மன்டனும் அவர்கள் இல்லாமலே 2025 ஜூனில் இறுதிக்கு வந்து, மறுபடியும் அதே ஃபுளோரிடாவிடம் தோற்றது.