வேகத்துக்குக் கொடுத்த விலை

இடுப்பளவு நீரில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? மெல்ல நடந்தால் நீர் வழிவிடும். ஓட முயன்றால் எதிர்த்துத் தள்ளும். கப்பலுக்கும் இதே தொல்லைதான்.

நீரின் தடைவிசை ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. விசையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது திறன். ஆகவே வேகம் இரு மடங்காக வேண்டுமானால் எஞ்சினின் திறன் எட்டு மடங்காக வேண்டும்! அமெரிக்கக் கடற்படையின் டார்பிடோ படகான ‘குஷிங்’ இந்தக் கணக்குக்கு நல்ல எடுத்துக்காட்டு.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், வில்லியம் குஷிங் என்ற அதிகாரி சிறு நீராவிப் படகில் சென்று, நீண்ட கழியின் முனையில் பொருத்திய வெடிகுண்டால் ‘ஆல்பிமார்ல்’ என்ற கவசக் கப்பலை மூழ்கடித்தார். அவர் பெயரே இப்படகுக்கு இடப்பட்டது. சிறு படகு பெரிய கப்பலை வெல்லலாம். ஆனால் பீரங்கிக் குண்டுகள் தன்னைத் தாக்குமுன் அது நெருங்கிவிட வேண்டும். அதற்குத்தான் வேகம்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் கட்டப்பட்ட குஷிங் 1890இல் பணியில் சேர்ந்தது. நீளம் 140 அடி. அகலம் 15 அடி. எடை 116 டன். வேகம் 23 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 43 கிலோமீட்டர். அதே நீராவியை நான்கு கட்டங்களில் விரியவிட்டு வேலை வாங்கும் எஞ்சின்கள் அதில் இருந்தன. எடை கூடினால் படகு ஆழமாக அமிழும். விலக்க வேண்டிய நீரும் கூடும். எனவே அதற்குக் கவசம் கிடையாது.

1891 முதல் நியூபோர்ட்டில் டார்பிடோ சோதனைகளுக்கு அது உதவியது. 1897 இறுதியில் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட்டுக்குச் சென்று, கடிதங்களைச் சுமக்கும் பணியில் ஈடுபட்டது. 1898 பிப்ரவரி 11 அன்று கியூபாவின் ஹவானாவை நோக்கிச் செல்கையில், கொந்தளித்த கடல் பிரெக்கின்ரிட்ஜ் என்ற இளம் அதிகாரியை மேல்தளத்திலிருந்து அடித்துச் சென்றது. அவரை மீட்டும் உயிர் பிழைக்கவில்லை. காப்பாற்றப் போராடிய ஜான் எவரெட்ஸ், சமையற்காரர் டேனியல் அட்கின்ஸ் ஆகியோருக்கு நாட்டின் உயரிய வீரப் பதக்கம் கிடைத்தது.

அவ்வாண்டு ஸ்பெயினுடன் நடந்த போரில் குஷிங் சில சிறு கலங்களைப் பிடித்தது. போர்க்கப்பல் எதையும் மூழ்கடிக்கவில்லை. நவம்பரில் ஓய்வு பெற்று, 1920இல் குண்டுப் பயிற்சிக்கு இலக்காகி மூழ்கியது.

1902இல் பணியேற்ற ‘பெயின்பிரிட்ஜ்’ என்ற நாசகாரிக் கப்பலின் எடை 420 டன். வேகம் மட்டும் போதாது, அலையையும் தாங்க வேண்டும் என்பதைக் கடற்படை உணர்ந்துவிட்டது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: வேகம் மூன்று மடங்கானால் திறன் எத்தனை மடங்காக வேண்டும்?