யன்னலோர மணி பிளான்ட்

வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்து, கண்டியில் வாடகை அறையொன்றில் குடியிருக்கும் நம்மில் பலருக்குக் கைக்கெட்டும் பயிர் யன்னலோரத்து மணி பிளான்ட்தான். அது பணம் கொண்டுவரும் என்ற பேச்சை நாம் நம்புவதில்லை. மண் இல்லாமல் போத்தல் நீரிலும் வளரும் என்பதே அதன் சிறப்பு.

கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிய தண்டு போதும். கணு நீருக்குள்ளும் இலை வெளியிலும் இருக்கட்டும். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது. மரநிழலில் ஏறிப் பழகிய கொடி இது. தாயகம் பசிபிக் சமுத்திரத்தின் மூரேயா தீவு.

சட்டியில் நட்டால், மிளகாய்க் கன்றுக்கு வார்ப்பதுபோல நாள்தோறும் நீர் வார்க்கக் கூடாது. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பின்பே வார்க்க வேண்டும். கண்டியின் மழைக்காலத்தில் அதற்குப் பல நாட்கள் செல்லும். இலை மஞ்சளானால் தாகம் என்றெண்ணி இன்னும் வார்க்கிறோம். பெரும்பாலும் அது வேர் அழுகுவதன் அறிகுறி.

போத்தல் நீரில் வேறோர் ஆபத்து உண்டு. டெங்கு நுளம்பு வீட்டிலுள்ள இத்தகைய நீரிலும் முட்டையிடும். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். முட்டை பொரித்து நுளம்பாக ஏறத்தாழ ஒரு கிழமை போதும். எனவே கிழமைக்கு இரு தடவை நீரை வெளியே மண்ணில் கொட்டி, போத்தலின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

இது சேம்பின் உறவு. இலையைக் கடித்த பிள்ளைக்கு வாய் எரிந்து வீங்கும். எட்டாத உயரத்தில் வையுங்கள். கழித்த தண்டுகளைக் காட்டோரம் எறிய வேண்டாம். அங்கே வேர்விட்டு மரங்களில் படர்ந்துவிடும்.