இரும்பும் மீகடத்துதிறனும்

மின்சாரஞ் செல்லுங் கம்பி எதுவாயினும் சிறிதேனுந் தடைசெய்யும். அத்தடையால் மின்சத்தி வெப்பமாய் வீணாகும். தடை முற்றும் ஒழிந்த நிலையே மீகடத்துதிறன். 1911ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்து லைடன் நகரிலே கமர்லிங் ஒன்னெசு என்பார், 4.2 கெல்வின் வரை குளிரூட்டிய இரசத்தில் இதனைக் கண்டார். இந்நிலையில் இலத்திரன்கள் இரண்டிரண்டாய் இணைந்து இயங்கும். காந்தம் அவ்விணைப்பைக் குலைப்பதாகலின், இரும்பு இதற்குப் பகையென்றே அறிஞர் நெடுங்காலம் எண்ணினர்.

அவ்வெண்ணத்தை 2008ஆம் ஆண்டில் மாற்றியவர் யப்பானிய அறிஞர் ஹொசோனோவும் அவர்தங் குழுவினரும் ஆவர். இலந்தனம், இரும்பு, ஆசனிக்கு, ஒட்சிசன் என்னும் நான்குஞ் சேர்ந்த சேர்வையிலே, ஒட்சிசனிற் சிறு பங்கை நீக்கிப் புளோரீனை இட்டனர். 26 கெல்வினில், அஃதாவது பூச்சியத்துக்குக் கீழே 247 பாகை செல்சியசில், மீகடத்துதிறன் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே இவ்வினச் சேர்வைகள் 55 கெல்வினை எட்டின.

காரணம் யாது? இச்சேர்வையில் இலந்தனமும் ஒட்சிசனும் ஒரு படை. இரும்பும் ஆசனிக்கும் மறுபடை. ஒட்சிசன் அணு இரண்டு இலத்திரன்களை ஏற்கும்; புளோரீன் ஒன்றையே ஏற்கும். மிஞ்சிய இலத்திரன் இரும்புப் படையைச் சேரும்.

புளோரீன் கலவாத சேர்வையில், ஏறத்தாழ 140 கெல்வினுக்குக் கீழே, இரும்பணுக்களின் காந்தங்கள் ஒன்றுக்கொன்று எதிர்முகமாய் ஒழுங்குபட்டு உறைந்துவிடும். புதிதாய் வந்த இலத்திரன்கள் அவ்வொழுங்கைத் தளர்த்துகின்றன. முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டிவிட, மட்டக்களப்பு வாவிநீர் கடலுக்கு வழிகாணுமாறு போல்வது இது. ஆயின் உவமை ஓரளவிற்கே பொருந்தும். வெட்டு அகன்றால் வாவியில் ஓட்டம் பெருகும். இங்கோ இலத்திரன் மிகுந்தால் மீகடத்துதிறன் மறையும். உறையாது அசைந்துகொண்டிருக்குங் காந்தமே இலத்திரன்களை இணைக்கின்றது என்பதும், அளவு மிஞ்சின் அவ்வசைவும் அடங்கிவிடும் என்பதும் அறிஞர் பலரின் கருத்து.

பேரியம், இரும்பு, ஆசனிக்கு ஆகியவற்றின் சேர்வையிலும் இதனைக் காணலாம். நூறு இரும்பணுக்களில் ஆறேழுக்குப் பதிலாகக் கோபாற்று அமையின், 25 கெல்வினளவில் மீகடத்துதிறன் தோன்றும். கோபாற்றை மேன்மேலுங் கூட்ட அஃது ஒழியும். தமிழ்நாட்டுக் கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தார் அதே சேர்வையில் இரும்புக்குப் பதிலாக உருதேனியத்தை இட்டு ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். உருதேனியத்தின் புற இலத்திரன் தொகை இரும்பினதற்குச் சமம். எனினும் மீகடத்துதிறன் தோன்றிற்று. ஆகவே இலத்திரனைக் கூட்டுதல் ஒரு வழியே. உறைந்த காந்தவொழுங்கைத் தளர்த்துதலே அடிப்படை.

மாணவர்கள் ஆவர்த்தன அட்டவணையை எடுத்து நோக்குக. ஒட்சிசனுக்கு வலப்புறம் புளோரீன். இரும்புக்கு வலப்புறம் கோபாற்று. இரும்பின் நேர்கீழே உருதேனியம். வகுப்பறைச் சுவரில் தொங்கும் அவ்வட்டவணையில் ஓரிடம் நகர்ந்தமையே இக்கண்டுபிடிப்புகளுக்கு வழியாயிற்று.