கடற்கரையில் ஒரு வாரம்: நீரிழிவு உள்ளவர்கள் அறிய வேண்டியவை

கோவைக்குக் கடல் இல்லை. எனவே கோடை விடுமுறை வந்ததும் கொங்குப் பகுதிக் குடும்பங்கள் பல, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மலபார்க் கரைக்கோ, கிழக்கே தரங்கம்பாடி, இராமேசுவரம் போன்ற ஊர்களுக்கோ செல்கின்றன. கடலோரச் சிறு குடிலில் ஒரு வாரம் தங்கியிருப்பது மனத்திற்கும் உடலுக்கும் நன்று. நீரிழிவு உள்ளவர்களும் தாராளமாகச் சென்று வரலாம். எனினும், விடுமுறை முடிந்து காலில் புண்ணோடு வருவோரை நாங்கள் காண்கிறோம். சிறிது கவனம் இருந்தால் இவற்றுள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

இரத்தச் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருப்பின், பாதங்களின் நரம்புகள் மெல்ல உணர்விழக்கின்றன. நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால், இம்மாற்றம் கால்விரல்களில் தொடங்கி மேலேறுகிறது. நண்பகலில் உலர்ந்த மணலின் வெப்பம் 50 டிகிரி செல்சியசையும் தாண்டக்கூடும். உணர்வுள்ள கால் உடனே விலகிக்கொள்ளும்; உணர்விழந்த கால் அம்மணலிலேயே நின்றிருக்கும். கொப்புளமும், உடைந்த சிப்பி கிழித்த காயமும் வலியின்றியே நேரும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், அச்சிறு காயம் ஆறாத புண்ணாகி, விரலையே அகற்ற வேண்டிய நிலையை உண்டாக்கலாம்.

ஆகவே மணலிலும் அலையோரத்திலும், குதிகாலில் பட்டை உள்ள காலணியை அணியுங்கள். இராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராடுவோர் வெறுங்காலுடன்தான் நடக்க வேண்டும். அவர்கள் வெயில் ஏறுமுன் சென்று வருவது நல்லது. ஒவ்வோர் இரவும் பாதங்களை நன்னீரில் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியிலோ வீட்டார் உதவியுடனோ பாருங்கள்.

அடுத்து, நடை. இளகிய மணலில் நடக்க, கெட்டியான தரையில் நடப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இதனால் தாழ்சர்க்கரை ஏற்படலாம். வியர்வை, நடுக்கம், கடும் பசி, தடுமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகுங்கள். 15 நிமிடங்களில் தெளியாவிடில் மீண்டும் பருகுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். மருந்தின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். புறப்படுமுன் எங்களைக் கேளுங்கள்.

குடிலில் குளிர்பதனப் பெட்டி இல்லையெனில், இன்சுலினைக் காக்க மண்பானை போதும். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியில் ஈரமணலை நிரப்பி, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி நிலைக்கும். நீர் படாதவாறு இன்சுலினை ஓர் உறையிலிட்டு உட்பானையில் வையுங்கள். பனிக்கட்டியோடு ஒட்டி வைப்பதும், வெயிலில் நிற்கும் காரில் விட்டுச்செல்வதும் அதன் ஆற்றலைக் கெடுக்கும்.

காலில் புண், சிவப்பு, வீக்கம், துர்நாற்றம் ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே அருகிலுள்ள மருத்துவமனையை அணுகுங்கள். ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பாதங்களில் உணர்வு எவ்வளவு உள்ளது என்பதை, மெல்லிய நைலான் இழையால் தொட்டுச் சில நிமிடங்களில் அறிய இயலும். பயணச்சீட்டு எடுக்கும் வாரத்திலேயே அச்சோதனையையும் செய்துகொள்ளுங்கள்.