முதல் கனூப் பயணத்துக்கு முன்

அன்புள்ள மருமகனுக்கு, மாமா எழுதும் கடிதம்.

கனூ என்பது இரு முனையும் கூர்ந்து, மேற்புறம் திறந்து, ஒற்றை அலகுள்ள துடுப்பால் செலுத்தப்படும் இலேசான படகு. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் ஆறுகளையும் ஏரிகளையும் கடப்பதற்கு உருவாக்கிய இதன் வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் நிற்கிற, எவரும் எதற்கும் அவசரப்படாத வைட்ஹோர்ஸ் நகரில், ஒன்றாக வேலை செய்யும் பிள்ளைகள் சேர்ந்து யூக்கொன் ஆற்றில் இறங்க ஆசைப்படுவது இயல்பே. அதைத் தடுப்பது இக்கடிதத்தின் நோக்கமன்று. போவதா இல்லையா, ஆறா ஏரியா என்பதெல்லாம் பிள்ளையின் முடிவு. ஆயினும் முடிவெடுக்கும் முன் அந்த நீரைப் பற்றிச் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் அம்மாவுக்கு அனுப்பிய நீண்ட செய்தியில் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோவது என்பது இருந்ததே தவிர, உயிர்காப்பு அங்கி பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

1898இல் குளொண்டைக் பகுதிக்குப் பொன் தேடிப் போன ஆயிரக்கணக்கானோர், இதே ஆற்றில் மைல்ஸ் கன்யன் என்னும் ஒடுங்கிய பாறை இடுக்கையும் அதற்குக் கீழே இருந்த நீர்விரைவுகளையும், அதாவது ஆறு சரிந்து பாறைகளில் மோதிக் கொந்தளித்து ஓடும் பகுதிகளையும், கடந்தாக வேண்டியிருந்தது. படகுகள் பல உடைந்து ஆட்கள் மூழ்கிய பின், வடமேற்குக் குதிரைப் பொலிஸ் அதிகாரி சாம் ஸ்டீல், பெண்களும் குழந்தைகளும் கரை வழியே நடந்து போக வேண்டும் என்றும், தேர்ந்த ஓட்டி இல்லாமல் எந்தப் படகும் இறங்கக் கூடாது என்றும், மீறுவோருக்கு 100 டொலர் தண்டம் என்றும் ஆணையிட்டார். பொன்னாசை பிடித்து அலைந்தவர்களே அந்த ஆணைக்குப் பணிந்தார்கள். 1958இல் கட்டி முடிந்த அணையால் அந்த நீர்விரைவுகள் ஷ்வாட்கா ஏரிக்குள் அமிழ்ந்துவிட்டன என்றும், இப்போது ஆறு சாது என்றும் நண்பர்கள் சொல்லக்கூடும். கொந்தளிப்பு அடங்கியது உண்மை. நீரின் குளிர் குறையவில்லை.

குளிர்நீரில் விழுந்தவருக்கு என்ன நேர்கிறது என்பதை மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் நெடுங்காலம் ஆராய்ந்து, ஒன்று, பத்து, ஒன்று என்று மனத்தில் நிறுத்தும்படி வகுத்திருக்கிறார். முதல் 1 நிமிடம் குளிர் அதிர்ச்சி: மூச்சு தானாக இழுபட்டு இரைக்கும், அந்த நேரம் முகம் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது நீரே. அடுத்த 10 நிமிடத்துக்குள் விரல்களும் கைகால்களும் சொற்கேளாமல் போகும். உடலின் உள்வெப்பம் இறங்கி நினைவு தப்புவதற்கோ ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். ஆனால் அங்கி அணியாதவர் அந்த ஒரு மணி நேரத்தைக் காண்பதில்லை, கைகள் ஓய்ந்த கணமே மூழ்கிவிடுகிறார்.

நீந்தத் தெரியும் என்ற பேச்சை இந்தக் குடும்பத்தில் இனி எவரும் எடுக்கக் கூடாது. சின்ன மாமாவுக்கு நீந்தத் தெரியாதென்று ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது. மே மாதத்தில் அவர் மூழ்கிப்போன ஏரி அதைக் கேட்கவில்லை. அவருடைய அங்கி படகின் ஆசனத்தின் கீழ் கட்டியது கட்டியபடியே கிடைத்தது என்பதை அம்மா எந்தக் காலத்திலும் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. அவர் போனது விதி என்றே இத்தனை ஆண்டும் சொல்லப்பட்டு வருகிறது. விதி என்று சொல்வது ஆறுதலாக இருக்கலாம், ஆனால் அந்தச் சொல் அடுத்த தலைமுறைக்கு எதையும் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டது.

கனடாவின் சட்டமும் இங்கே பாதியிலேயே நின்றுவிடுகிறது: படகில் ஆளுக்கு ஓர் அங்கி இருக்க வேண்டும் என்கிறதே ஒழிய, வளர்ந்தவர்கள் கனூவில் அதை அணிந்திருந்தே ஆக வேண்டும் என்று பொதுவாக வற்புறுத்துவதில்லை. ஆகவே கரையிலேயே அணிந்து, வார்களை இடுப்பிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக இறுக்கி, நண்பர் ஒருவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்ல வேண்டும். அங்கி காது வரை ஏறினால் அது தளர்வு, மீண்டும் இறுக்க வேண்டும். படகில் ஏறும்போது குனிந்து, இரு விளிம்பையும் பிடித்து, நடுக்கோட்டில் அடி வைக்க வேண்டும். ஆட்டம் கண்டால் எழுந்து நிற்காமல் முழந்தாளிட வேண்டும். கரை அரிபட்டு ஆற்றின் மேல் சாய்ந்து கிடக்கும் மரங்களிலிருந்து முன்கூட்டியே விலகிவிட வேண்டும். நீர் கிளைகளுக்கூடாகப் போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார். கவிழ்ந்தால் படகை விடக் கூடாது. பருத்தி உடை வேண்டாம், கம்பளி உடை ஒன்று நீர் புகாத பையில் இருக்கட்டும். பியர் கரையேறிய பிறகு.

ஆறா ஏரியா என்ற கேள்விக்கு வந்தால், தாக்கினி ஆறு வந்து சேருமிடம் வரை யூக்கொன் ஆற்றோடு இறங்குவதும் நல்ல பயணமே. ஆனால் அங்கே நீரோட்டம் ஆளை நிற்க விடாது, திரும்பி வர முடியாது, நகரம் தாண்டினால் கைப்பேசியையும் நம்ப முடியாது. நகருக்கு அருகிலேயே உள்ள சட்பேர்ன் ஏரியில் காற்றில்லாத காலையில், கரையோரமாக, துடுப்பு வலிக்கப் பழகலாம். எதைத் தெரிவு செய்தாலும் மாமாவுக்குச் சம்மதம்.

இவ்வளவும் எழுதியதால் பிள்ளையின் அறிவில் நம்பிக்கை இல்லை என்று கொள்ளக் கூடாது. தனியாக அவ்வளவு தூரம் போய், வேலை தேடி, வீடு பார்த்து, நாலு நல்ல நண்பர்களையும் சேர்த்துக்கொண்ட பிள்ளையை நினைத்து ரொறன்ரோவில் எல்லோருக்கும் பெருமைதான். மாமா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பயற்றம் பணியாரமும் மிளகாய்த்தூளும் நண்பர்களுக்கும் சேர்த்தே பொதியில் வருகின்றன. அதே பொதியில் அளவு பார்த்து வாங்கிய உயிர்காப்பு அங்கி ஒன்றும் இருக்கிறது. அது கிடைத்த பிறகு பயணத்தை வைத்துக்கொள்ளவும். கரையேறியதும் முதல் அழைப்பு அம்மாவுக்கு எடுக்கவும்.