சொல்லும் சுரமும்: நுஸ்ரத் பதே அலி கானின் மேடைக் கவ்வாலி

மரபிசையை மேடையில் ஒருவர் புதுக்கிப் பாடும்போது அவர் மாற்றுவது எதனை, காப்பது எதனை என்னும் வினா நம் சமுதாயத்தில் நெடுநாளாக இருந்து வருகிறது. பழம்பாட்டை மின்னிசைக் கருவிகளோடு கேட்டு மகிழும் மாணவர் ஒருபுறம். இறைவனைப் பாடும் பாட்டுக்கு இத்துணை ஆரவாரம் எதற்கு என்று முகம் சுளிக்கும் பெரியவர் மறுபுறம். இருசாராரும் மாற்றலாமா, கூடாதா என்ற அளவிலேயே வழக்காடி ஓய்ந்துவிடுகின்றனர். யார் முன்னிலையில், எந்த உறுப்பு, எதன் பொருட்டு மாறியது என்று பார்த்தால் அவ்வழக்கு வேறு வடிவம் கொள்ளும். அதனை ஒரு பாடகரின் மேடையைக் கொண்டு ஆராய முற்படுகிறோம். அவர் பாகிஸ்தானைச் சேர்ந்த நுஸ்ரத் பதே அலி கான்.

1948ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், பின்னாளில் பைசலாபாத் எனப் பெயர் மாறிய லாயல்பூரில் அவர் பிறந்தார். பிரிவினையின்போது ஜலந்தரிலிருந்து குடிபெயர்ந்த, வழிவழியாகக் கவ்வாலி பாடிவந்த குடும்பம் அவருடையது. ஆயினும் தந்தையார் பதே அலி கான் மகனை மருத்துவராக்கவே விரும்பினார். 1964இல் தந்தை மறைய, நாற்பதாம் நாள் நிகழ்ச்சியில் மகன் முதன்முதலாகப் பலர் முன்னிலையில் பாடினார். தந்தையின் உடன்பிறந்தாரான முபாரக் அலி கான் 1971இல் மறைந்தபின் குழுவின் தலைமை அவரிடம் வந்தது. 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் லண்டனில் காலமானபோது அவருக்கு வயது 48.

சொல்லே முதல்

'கவ்ல்' என்னும் அரபுச் சொல்லுக்குக் கூற்று என்பது பொருள். கூறுபவர் கவ்வால், அவர் பாடுவது கவ்வாலி. பெயரிலேயே இசை பின்னிற்க, சொல் முன்னிற்பதைக் காணலாம். டில்லியில் வாழ்ந்த இறைநேசர் நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்களின் மாணவராகிய அமீர் குஸ்ரூ (1253–1325) இவ்விசைக்கு வடிவம் தந்தவராகப் போற்றப்படுகிறார். இறைபுகழாகிய ஹம்து முதலில், நபிபுகழாகிய நஅத்து அடுத்து, பின்னர் வலிமார்களின் புகழ் என்னும் வரிசை இதன் மரபு.

இசை கேட்டலாகிய 'ஸமா' ஆகுமா, ஆகாதா என்பது மார்க்க அறிஞர்களிடையே பழமையான கருத்து வேறுபாடு. அதனை இங்கே தீர்க்கப் புகுவது நம் தகுதிக்கும் பக்க அளவுக்கும் மீறியது. எனினும் ஜுனைத் பக்தாதி (ரஹ்) கூறியதாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எடுத்துரைக்கும் ஒரு வரையறை நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுகிறது. ஸமாவுக்குக் காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும் என்பதே அது. இம்மூன்றில் உடனிருப்போர் மாறினால் பாட்டு என்னவாகும்?

தர்கா முற்றத்துக் கவ்வாலை நோக்குவோம். அவர் தாமே வகுத்த வரிசைப்படி பாடி முடித்துவிட்டு எழுபவர் அல்லர். அவர் கண் சபையின்மீதே இருக்கும். ஒரு வரி யாரோ ஒருவர் உள்ளத்தைத் தொட்டுவிட்டது என்று கண்டால் அவ்வரியிலேயே நின்றுவிடுவார்; திரும்பத் திரும்பப் பாடுவார். 'தக்ரார்' என்பது இதுவே. அவ்வரி நிற்கும்போதே வேறொரு புலவரின் ஈரடியை, சில வேளை வேறொரு மொழியிலிருந்தே, இடையில் கொணர்ந்து நிறுத்தி, பழைய வரியோடு பிணைப்பார். இதற்குக் 'கிரஹ்' என்று பெயர். முடிச்சு என்பது பொருள். உருது வரியில் பாரசீக ஈரடி முடிச்சிடப்படும். பஞ்சாபி வரியில் பூர்பி நுழையும். பாட்டு ஒருநாள் பத்து நிமிடத்தில் முடியும். மறுநாள் ஒரு மணி நேரம் நீளும். நீளத்தைத் தீர்மானிப்பது சபை.

தமிழ் பயில்வோர்க்கு இஃது அயலானதன்று. ஒரு நூற்பாவை விளக்கப் புகுந்த உரையாசிரியர், எங்கோ ஒரு சங்கப் பாட்டடியைக் கொணர்ந்து நிறுத்தி, மீண்டும் நூற்பாவுக்கே வருவதை நாம் வகுப்பறையில் நாளும் காண்கிறோம். குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் ரகுமான் கண்ணியும் மனோன்மணிக் கண்ணியும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கவை. ஒவ்வொரு கண்ணியும் தனித்து நிற்கும். ஆயினும் எல்லாம் ஒரே விளியில் வந்து முடியும். இத்தகைய அமைப்பு, கேட்போர் உள்ளத்துக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் பாடுவோர்க்கு இடம் தருவது.

மெர்சித் தீவில்

1985ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள மெர்சித் தீவில், 'வோமாட்' எனப்படும் உலக இசை விழா மேடையில் நுஸ்ரத் தம் குழுவினருடன் அமர்ந்தார். ஆர்மோனியம், தபலா, பின்வரிசையின் கைத்தட்டல்: இவையே கருவிகள். எதிரில் இருந்த ஆங்கில இளைஞரிற் பெரும்பாலோர்க்கு உருதுவும் தெரியாது, பஞ்சாபியும் தெரியாது. அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு 2019இல் வெளியிடப்பட்டது, விரும்புவோர் கேட்கலாம். 'அல்லாஹ் ஹூ' என்னும் இறைபுகழே முதலில் வருகிறது. புரியாத சபையாயிற்றே என்று அவர் வரிசையைக் கைவிடவில்லை.

ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. சொல் விளங்காத சபையில் கிரஹ் என்னும் முடிச்சு யாரைப் பிணைக்கும்? பாரசீக ஈரடி வந்து விழும்போது 'ஆகா' என்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? இவ்விடத்தில்தான் நுஸ்ரத் அவர்களின் புதுமையை நாம் காண்கிறோம். ஈரடி வரவேண்டிய இடத்தில் அவர் சுரங்களைக் கொணர்ந்தார். ச, ரி, க, ம என்னும் சுர எழுத்துகளையே மின்னல் வேகத்தில் கோவைகளாகத் தொடுத்து, தாளத்தோடு மோதவிட்டு, மீண்டும் பல்லவி வரியில் கொணர்ந்து இறக்கினார். நம் கருநாடக இசையரங்கில் கற்பனைச் சுரம் பாடுவோர் பாட்டின் எடுப்புக்கு வந்து சேர்வது போன்ற அமைப்பே இது.

சர்கம் எனப்படும் இச்சுரப்பாடல் அவருடைய கண்டுபிடிப்பு அன்று. கயால் என்னும் இந்துஸ்தானிச் செவ்விசைக்கு உரியது அது. அவ்விசையில் ஆழ்ந்த பயிற்சியுடைய தந்தையாரும் முபாரக் அலி கானும் வகுத்த வழியில் வந்ததே. அதற்கு அத்துணைப் பெரிய இடமும் வேகமும் தந்ததே நுஸ்ரத் செய்தது. மேலைநாட்டாருக்காக மட்டுமே அவர் இதனைச் செய்தார் என்பதும் பொருந்தாது. சொந்த மண்ணின் மேடைகளிலும் சர்கம் பாடினார். ஆயினும் சொல் எட்டாத செவிக்குச் சுரம் எட்டியது என்பது கண்கூடு. சில பதிவுகளில் சுரத்தின் வேகம் சொல்லை விழுங்கிவிடுகிறது என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. முதியோர் சிலர் குறைபட்டுக்கொள்வதில் நியாயம் உண்டு.

வெட்டுண்ட வரிகள்

1990இல் வெளிவந்த 'மஸ்த் மஸ்த்' இசைத்தொகுப்பு மற்றொரு சோதனை. கனடா நாட்டவரான மைக்கேல் புரூக் அதனை உருவாக்கினார். லால் ஷாபாஸ் கலந்தர் (ரஹ்) அவர்களைப் போற்றும் பழம்பாட்டின் வழிவந்த பாட்டே தொகுப்புக்குப் பெயர் தந்தது. கிதார் முதலிய மேலைக் கருவிகள் சேர்ந்தன. தொகுப்பில் பல பகுதிகள் சொல்லே இல்லாத சுரப்பாடல்கள். நீண்ட பாட்டுகளைச் சில நிமிடங்களுக்குள் அடக்குவதற்காகப் பதிவை வெட்டி ஒட்டினர். அப்போது சில வரிகள் நடுவே அறுபட்டுப் பொருளிழந்தன. அதனை நுஸ்ரத் ஏற்கவில்லை. அறுபட்டவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. புரூக் அவர்களே பின்னர் இதனை ஒளிக்காமல் கூறியுள்ளார்.

நாம் மேலே தொடுத்த வினாவுக்கு இந்நிகழ்ச்சி விடையளிக்கிறது என்று கருதுகிறோம். கிதாருக்கு நுஸ்ரத் தடை சொல்லவில்லை. பிரிஸ்டல் நகர இளைஞர் குழுவாகிய மாசிவ் அட்டாக் அப்பாட்டை நடனக்கூடத்திற்கு ஏற்ப மாற்றி அமைத்ததும், அவ்வோசை ஒரு குளிர்பான விளம்பரத்தில் ஒலித்ததும் நடந்தன. இவற்றுள் பின்னது நமக்கு உவப்பாக இல்லை. வலிமார் புகழ் குளிர்பானம் விற்கவா என்னும் பெரியோர் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் வரி அறுந்தபோது பாடகரே எழுந்து நின்றார். மேடையில் அவர் ஒரு வரியை நூறு துண்டாக்கிப் பாடுவார். துண்டுகள் எல்லாம் மீண்டும் வரியாக வந்து கூடும். இயந்திரம் வெட்டிய துண்டு திரும்பி வருவதில்லை. சபையின் முகத்தைப் பார்த்து மாற்றுவதும் கடிகாரத்தைப் பார்த்து மாற்றுவதும் ஒன்றாகா.

நம் சென்னையைச் சேர்ந்த ஏ.ஆர். ரகுமான் 1997இல் வெளியிட்ட 'வந்தே மாதரம்' தொகுப்பிலும் நுஸ்ரத் பாடினார். தமிழ் இளைஞர் பலர் அக்குரலை முதலில் அறிந்தது அதன் வழியே எனலாம். அதற்குப் பின்னும் அவருடைய மேடைக் கவ்வாலியைத் தேடிச் சென்றோர் சிலரே. மாணவர்கள் ஒரு முழு மேடைப் பதிவையாவது இடையில் நிறுத்தாமல் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். பாட்டு எங்கே நிற்கிறது, எங்கே முடிச்சு விழுகிறது, சுரம் எந்தச் சொல்லில் வந்து இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு கேட்டால், யாப்பிலக்கணத்தில் பயின்றவை காதிலும் விளங்கும்.

'மஸ்த் மஸ்த்' வெளிவந்த அதே 1990இல் நுஸ்ரத் பதிவு செய்து, நெடுங்காலம் வெளிவராமல் இருந்த நான்கு கவ்வாலிகள் 2024இல் 'செயின் ஆஃப் லைட்' என்னும் பெயரில் வெளியாயின. அவற்றில் கிதார் இல்லை. எதிரில் சபையும் இல்லை. முதலாவது இறைவனை அழைக்கும் பாட்டு. இரண்டாவது பஞ்சாபி மொழியில் நபிபுகழ். மூன்றாவது, நம் புலவர்களும் புராணம் பாடிப் போற்றிய முகியித்தீன் ஆண்டகை (ரஹ்) அவர்களை அழைப்பது. நான்காவது அமீர் குஸ்ரூவின் பாரசீகம்.